பூட்டைத் திட்டும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதம் முன்கதவு திறக்கவில்லை என்று அனுபவமுள்ள ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டால், அவர் உடனே பூட்டைக் கழற்ற மாட்டார். பின்வாசல் வழியாக உள்ளே போவார். முன்கதவை எப்படியோ இழுத்துத் தள்ளித் திறப்பார். பிறகு, அகலத் திறந்து கிடக்கும் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பார். சாவி தடையில்லாமல் திரும்பி, தாழ்முளை வெளியே வந்து உள்ளே போனால் பூட்டில் பழுதில்லை. பழுது கதவிலோ நிலைச்சட்டத்திலோ இருக்கிறது. சாவி உள்ளே நுழையவே இல்லை, நுழைந்தும் அசையவில்லை என்றால்தான் அவர் பூட்டின் பக்கம் திரும்புவார்.

குளிர்நாடுகளில் ஒவ்வொரு மாரியிலும் பல வீடுகளில் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பூட்டை மாற்றிவிடுகிறார்கள். அடுத்த ஜனவரியில் புதுப் பூட்டும் அதே இடத்தில் மக்கர் செய்கிறது. கம்பெனி மோசம், தயாரிப்பு மோசம் என்று பேச்சு வளர்கிறது. குளிர் தனியாக வந்து ஒரு நல்ல பூட்டைக் கெடுப்பது அபூர்வம். வீட்டுக்குள்ளிருந்து வரும் ஈரமும் குளிரில் இடம் மாறும் கதவும்தான் பெரும்பாலும் காரணம். இந்த இரண்டையும் கடையில் பூட்டு வாங்கும்போது யாரும் விசாரிப்பதில்லை.

இதை வெறும் தொந்தரவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வின்னிபெக்கின் ஜனவரிச் சராசரி மைனஸ் 16 டிகிரி அளவில் இருக்கும். 1879 டிசம்பர் 24 அன்று அங்கே மைனஸ் 47.8 பதிவாகியிருக்கிறது. காற்றும் சேர்ந்து உடலுக்கு மைனஸ் 40 போல உறைக்கும் நாளில், மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. பள்ளிவிட்டு வந்து வாசலில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் மிகச் சின்ன அவகாசம். வின்னிபெக் இருக்கும் மாகாணத்தின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. துருவக்கரடிகள் தெருவுக்கே வந்துவிடும் ஊர். கரடியிடமிருந்து தப்பி ஓடுகிறவர் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்துகொள்ளட்டும் என்று கதவுகளைப் பூட்டாமல் விடுவது அங்கே வழக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் பூட்டித்தான் ஆகவேண்டும், பூட்டியது திறந்தும் ஆகவேண்டும்.

முதலில் பூட்டின் உள்ளே போவோம். வட அமெரிக்க வீட்டுக் கதவுகளில் இருப்பவை பெரும்பாலும் இளைய லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற அமைப்பின் வாரிசுகள். சாவி நுழையும் பித்தளை உருளையில் ஐந்தோ ஆறோ துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குட்டி முளைகள்; அவற்றை மேலிருந்து அழுத்தியபடி ஒரு மெல்லிய ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்முளைகள் உருளைக்கும் அதைச் சுற்றிய கூட்டுக்கும் குறுக்கே நின்று உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. சரியான சாவியின் பற்கள் ஒவ்வொரு சோடியையும் அளந்து உயர்த்த, இரண்டு முளைகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு சரியாக ஒத்துப்போகிறது. அப்போது உருளை திரும்புகிறது. ஒரு முளையின் தடிமன் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. முளைக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். பாதுகாப்பே இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. இடைவெளி கூடினால் கள்ளச்சாவி வேலை செய்யும்.

அந்த இடைவெளிக்குள் தண்ணீர் புகுந்தால் நுண்புழை விசை அதை வெளியே விடாது. பிறகு அது உறைகிறது. உலோகத்தோடு பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும் வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நியூட்டன் என்ற அளவில் இருக்கும். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள முளையின் பக்கப்பரப்பு சுமார் 45 சதுர மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பனியால் ஒட்டியிருந்தாலும், அதைப் பெயர்க்க அரைக் கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். முளையைக் கீழே தள்ளுவதற்கென்று வைத்த மெல்லிய ஸ்பிரிங்குக்கு அந்த வலு கிடையாது. மேலே தூக்கிய முளை மேலேயே நின்றுவிடும், அல்லது கீழே இறங்கிய முளை சாவியை உள்ளே விடாது. ஒரே ஒரு முளை இப்படி நின்றால் போதும், மொத்தப் பூட்டும் நின்றுவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையும் உருகும் பனியும் கொஞ்சம் கொண்டுவரும். ஆனால் கடுங்குளிர் ஊர்களில் வெளிக்காற்றில் ஈரமே இருப்பதில்லை. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும்; மைனஸ் 20இல் ஒரு கிராமைத் தாங்குவதே பெரிது. ஈரம் முழுவதும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நாம் விடும் மூச்சு, குளியல், துவைத்து உள்ளே உலர்த்தும் துணி, சமையல் எல்லாம் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழர் வீடுகளில் சன்னலைச் சாத்திக்கொண்டு புட்டும் இடியாப்பமும் அவிக்கும்போது, கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அறை 20 டிகிரியும் ஈரப்பதம் 40 சதவீதமும் என்றால், 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று நீரை விட்டுவிடும். ஈரப்பதத்தை 30 சதவீதமாகக் குறைத்தாலும் அந்த எல்லை 2 டிகிரிக்கு இறங்குகிறது, அவ்வளவே.

வீட்டில் அப்படிக் குளிர்ந்துபோகும் பரப்புகளில் பூட்டும் ஒன்று. இன்றைய வெளிக்கதவுகள் நல்ல காப்புள்ளவை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே நுரை நிரப்பியிருப்பார்கள். ஆனால் அந்த நுரையைத் துளைத்துக்கொண்டு, வெளிமுகத்திலிருந்து உள்முகம் வரை ஓர் உலோகத் தொடர் போகிறது. பித்தளை வெப்பத்தைக் கடத்தும் திறன் மரத்தைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. நுரையோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு. வெளியே மைனஸ் 30 என்றால் உள்ளே இருக்கும் கைப்பிடியிலும் வெண்பனி பூப்பது இதனால்தான். சாவித்துளை வழியாகவும் தாழ்முளை போகும் துளை வழியாகவும் வீட்டுக் காற்று கசிந்தால், நீராவி போகிற வழியெங்கும் உலோகத்தில் பனியாகப் படிந்துகொண்டே போகும்.

எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி உறைவதில்லை. மாரியில் சூடேற்றிய வீடு ஒரு புகைபோக்கியாகவே நடந்துகொள்கிறது. சூடான காற்று மேலேறி மேல்மாடியின் இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. அதற்கு ஈடாகக் கீழ்த்தளத்தில் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் கீழ்வாசல் பூட்டு கடுமையாகக் குளிர்ந்தாலும் உலர்ந்த காற்று உள்நோக்கி வருவதால் ஓரளவு தப்பிக்கிறது. மேல்மாடி பால்கனிக் கதவின் பூட்டு வழியாக ஈரக்காற்று வெளியே போவதால் அது பனியால் அடைபடுகிறது. காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம், மறைவில் இருக்கும் கதவுக்கும் இதே கதிதான், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் வெளியழுத்தம் குறைந்து வீட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. காற்றுபடாத பின்கதவுதான் ஏன் எப்போதும் உறைகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். அடுப்படியின் காற்றுப்போக்கி விசிறியைப் போடுவதும் கதவைச் சுற்றிய ரப்பர் பட்டையை மாற்றுவதும் விலையுயர்ந்த பூட்டு வாங்குவதைவிட அதிகம் உதவும்.

மிகக் குளிர்ந்த நாள்தான் பூட்டுக்கு மிக மோசமான நாள் என்றும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைப் பொறுத்தவரை, பகலில் 2 டிகிரியில் சாரல் அடித்துவிட்டு இரவில் மைனஸ் 10க்கு இறங்கும் நாள் மைனஸ் 30ஐவிடக் கொடியது. டொராண்டோவில் மாரி முழுவதும் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டித் தாண்டி விளையாடுகிறது. வின்னிபெக்கில் அது வாரக்கணக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே கிடக்கிறது. முன்னதில் சாவித்துளைக்கு ஒரு சிறு மூடி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பின்னதில் அந்த மூடியால் பெரிய பயன் இல்லை.

உறைந்த பூட்டைத் திறக்க எல்லோரும் முதலில் செய்வது சாவியைச் சூடாக்குவது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிராம் சாவி 60 டிகிரிக்குச் சூடானால், அது பூஜ்ஜியத்துக்கு ஆறும்போது கொடுக்கும் வெப்பம் ஏறக்குறைய 230 ஜூல். மைனஸ் 25இல் இருக்கும் ஒரு கிராம் பனியைச் சூடேற்றி உருக்க 390 ஜூல் வேண்டும். ஆக, எல்லாம் பனிக்கே போனாலும் அரைக் கிராமுக்குச் சற்று மேல் உருகும். சாவித்துளைக்கு அது போதும்தான். ஆனால் சாவி பனியை மட்டும் தொடுவதில்லை. சுற்றியுள்ள 150 கிராம் பித்தளையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரவே 1,400 ஜூல் தேவை; வெப்பத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். அதனால்தான் சாவியை ஒருமுறை சூடாக்கினால் நடப்பதில்லை, திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கிறது. கொதிநீர் ஊற்றினால் பூட்டு அப்போதைக்குத் திறக்கும். ஊற்றிய நீர் இரவுக்குள் முளைகளுக்கு நடுவே உறைந்து, முன்னைவிடக் கெட்டியாக அடைக்கும். சாவித்துளையில் வாயால் ஊதுவதும் அப்படித்தான், மூச்சில் இருப்பது நீராவி. ஆல்கஹால் கலந்த திரவத்தைத் தெளிப்பதே உருப்படியான வழி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் உறைநிலை மைனஸ் 89 டிகிரி. அது பனியோடு கலந்து கலவையின் உறைநிலையைத் தாழ்த்தி உருக்குகிறது, பிறகு தானும் ஆவியாகிறது. அந்தக் குப்பியைக் கோட்டுப் பையில் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் வேண்டிய நேரத்தில் அது பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

பூட்டில் எண்ணெய் போடுவதில் நடக்கும் தவறுகளும் நிறைய. தையல் மெஷின் எண்ணெயும் கிரீசும் அறைச்சூட்டில் வழுவழுப்பாக இருக்கும். மைனஸ் 25இல் அவை பசைபோல இறுகி, தூசியையும் பித்தளைத் துகளையும் பிடித்துவைத்துக்கொண்டு முளைகளை நிறுத்திவிடும். பல வீடுகளில் உறைந்தது என்று நினைக்கும் பூட்டில் பனியே இருக்காது, பழைய கிரீஸ்தான் இருக்கும். டபிள்யூடி-40 முதலில் 1953இல் நீரை விரட்டுவதற்காகத் தயாரானது. ஈரத்தை வெளியேற்ற இப்போதும் நல்லது, நீண்டகால மசகாக நம்ப முடியாது. பழைய தலைமுறைப் பூட்டுக்காரர்கள் கிராஃபைட் தூள் போடுவார்கள். கிராஃபைட்டின் வழுக்கல் அதன் படிக அடுக்குகளால் மட்டும் வருவதில்லை, காற்றில் உள்ள நீராவியும் அதற்குத் தேவை. இரண்டாம் உலகப்போரில் உயரப் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் கார்பன் பிரஷ்கள், அங்குள்ள வறண்ட காற்றில் மளமளவென்று தேய்ந்து பொடியாயின. அதன் காரணத்தை ஆராய்ந்து 1948இல் எழுதியவர் ராபர்ட் சாவேஜ். பூட்டுக்குள் கிராஃபைட்டுக்கு வேறொரு தொல்லையும் உண்டு: ஈரமோ எண்ணெயோ சேர்ந்தால் அது சேறாகிவிடும். இன்று சிலிக்கோன் அல்லது டெஃப்லான் கலந்த உலர் தெளிப்பையே நான் சொல்வேன். சிலிக்கோன் திரவத்தின் பிசுக்கு குளிரில் அவ்வளவாக ஏறுவதில்லை.

சாவி உடைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் உலோகம் நொறுங்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். பித்தளைக்கு அது பொருந்தாது. அதன் படிக அமைப்பு கடுங்குளிரிலும் வளைந்துகொடுக்கும் வகையைச் சேர்ந்தது. சாவி உடைவது, திரும்பாத பூட்டைக் கையுறை போட்ட கையால் முறுக்குவதால். விலை மலிந்த பூட்டுகளில் வார்ப்பு நாகக் கலவையால் செய்த உள்ளுறுப்புகளின் கதை வேறு. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் அந்தக் கலவை அடிதாங்கும் திறனைப் பெருமளவு இழக்கிறது. கைப்பிடிக்குள் மளுக்கென்று ஏதோ முறிந்த சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான். மயாமியில் விற்கும் அதே பூட்டை வின்னிபெக்கிலும் அதே அலமாரியில் வைத்து விற்பது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

இனி கதவு. வெளித்தகடு குளிர்ந்து சுருங்குகிறது, உள்தகடு அறைச்சூட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் 40 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர் உயர இரும்புக் கதவில் வெளித்தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறைகிறது. அற்பமாகத் தெரியும். ஆனால் 44 மில்லிமீட்டர் கனமுள்ள கதவில் இரண்டு தகடுகளும் ஒட்டியிருப்பதால் அந்த ஒரு மில்லிமீட்டர் கதவையே வளைக்கிறது. தடுப்பில்லாத கதவாக இருந்தால் நடுப்பகுதி ஐந்தரை மில்லிமீட்டர் அறைப்பக்கம் பிதுங்கும். கீல்களும் நிலையும் பிடித்திருப்பதால் நடைமுறையில் இது குறையும். இருந்தாலும் பூட்டு இருப்பது அந்த நடுப்பகுதிக்குப் பக்கத்தில். தாழ்முளைக்கும் நிலையில் பதித்த தகட்டின் துளைக்கும் உள்ள இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். தாழ்முளை துளையின் விளிம்பில் போய் முட்டுகிறது. விறைத்துப்போன ரப்பர் பட்டையும் கதவை அதே திசையில் தள்ளுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் கதவைத் தம் பக்கம் இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பும் பழக்கம், இந்த வளைவைக் கையால் நிமிர்த்தும் வேலைதான்.

கதவு நேராக இருந்தாலும் நிலைச்சட்டம் நகரலாம். மாரியில் உள்காற்று வறண்டு மரம் சுருங்குகிறது, கோடையில் உப்புகிறது. ஆழமில்லாத அடித்தளம் கொண்ட வாசல் மேடையும் கராஜும் நிலத்தோடு சேர்ந்தே எழும்பும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிவதால் மண் எழும்புகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீஃபன் டேபர் 1930 வாக்கில் அதை மறுத்துக் காட்டினார். உறையும்போது விரியாமல் சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் எழும்பியது. கீழேயுள்ள ஈரத்தை மண் உறையும் எல்லை மேல்நோக்கி இழுத்து, பனியை அடுக்கடுக்காக வளர்ப்பதுதான் காரணம். ஈரம் கிடைக்கும்வரை அந்த அடுக்குகள் வளர்ந்துகொண்டே போகும், வாசல்படியும் அதோடு உயரும். அப்படியான வீட்டில் எந்தப் பூட்டை மாற்றியும் பயனில்லை. கூரைநீரை அடித்தளத்தை விட்டுத் தள்ளி வடியவிடுவதுதான் மருந்து.

மின்னணுப் பூட்டுகள் வந்த பிறகு இந்தப் பழைய வில்லங்கம் புது வேடம் போட்டிருக்கிறது. குளிரில் பூட்டு நின்றுபோனால் பேட்டரிதான் காரணம் என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. சாதாரண ஆல்கலைன் பேட்டரியில் இருப்பது நீரில் கரைந்த காரம். குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது, உள்தடை ஏறுகிறது. மைனஸ் 18 டிகிரிதான் அதற்கு எல்லை என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி மைனஸ் 40 வரை தாங்கும். ஆனால் கடைசிவரை ஒரே மின்னழுத்தம் தருவதால் பூட்டு அதை நிறைந்த பேட்டரி என்றே காட்டி, திடீரென்று அணைந்துவிடும். ஆனாலும் பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் கதவின் உள்பக்கம் இருப்பதால், குளிரைவிட அதிகமாகப் பேட்டரியைத் தீர்த்துவிடுவது கதவின் வளைவு. சாவியைத் திருப்பும் கைக்கு நெருடல் உடனே தெரிகிறது. கதவை இழுத்துப் பிடிக்கிறது. மோட்டாரால் கதவை இழுக்க முடியாது. முட்டிக்கொண்டே முயல்கிறது, தோற்கிறது, மறுபடி முயல்கிறது, ஒவ்வொரு முறையும் பேட்டரி கரைகிறது.

முளைகள் பனியில் ஒட்டி நிற்கும் சிக்கலுக்கு வேரிலேயே விடை தந்த நாடு பின்லாந்து. ஹெல்சிங்கியில் அலுவலக எந்திரங்கள் பழுதுபார்த்துவந்த எமில் ஹென்ரிக்சன், பணப்பதிவு எந்திரங்களின் சுழலும் தட்டுகளிலிருந்து எண்ணம் பெற்று 1907இல் ஒரு பூட்டை உருவாக்கினார். 1919இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆப்லாய் என்ற பெயரில் இன்றும் பின்லாந்தில் வீட்டுக்கு வீடு இருப்பது அதன் வழிவந்ததுதான். அதில் மேலும் கீழும் ஆடும் முளைகள் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. வரிசையாக நிற்கும் வட்டத் தட்டுகளின் நடுவே சாவி நுழைகிறது. சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு கோணத்தில் இருப்பதால், திருப்பும்போது ஒவ்வொரு தட்டும் தன் அளவுக்குச் சுழன்று, எல்லாத் தட்டுகளின் விளிம்புப் பள்ளங்களும் ஒரே கோட்டில் வருகின்றன. பக்கவாட்டுக் கம்பி ஒன்று அந்தப் பள்ளத்தில் இறங்க, உருளை விடுபடுகிறது. திருப்பி எடுக்கும்போது தட்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவதும் சாவியே. தட்டுகளுக்கிடையே கொஞ்சம் பனி ஒட்டியிருந்தாலும், ஒரு சிறு ஸ்பிரிங்கின் தள்ளலை நம்பாமல் மனிதக் கையின் முழு முறுக்கு விசையோடு அதைப் பிளக்க முடிகிறது. மெக்கானிக் ஒருவரின் பட்டறை அறிவில் பிறந்த இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. விலை அதிகம், மாற்றுச்சாவி வெட்டும் கடையும் எங்கும் கிடைக்காது. வட அமெரிக்க வீடுகளில் அது அரிதாகவே இருக்கிறது.

ஆனால் அந்தப் பூட்டின் தாழ்முளையும் நிலைத்துளைக்குள்தான் போயாக வேண்டும். அதனால், எந்தப் பூட்டானாலும் அக்டோபரில் ஒருமுறையும் ஜனவரிக் குளிரில் ஒருமுறையும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தாழ்முளையின் முனையிலும் பக்கங்களிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டித் திறந்து, நிலைத்தகட்டில் எங்கே வெள்ளை படிந்திருக்கிறது என்று பாருங்கள். அறைப்பக்க விளிம்பில் படிந்திருந்தால் கதவு வளைகிறது. அந்த விளிம்பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் அராவினால் போதும். அதற்கு மேல் அராவினால் ஜூலையில் கதவு காற்றில் ஆடும். துளையின் கீழ்விளிம்பில் படிந்திருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. மேல்கீலின் குட்டைத் திருகாணி ஒன்றைக் கழற்றிவிட்டு, நிலையைத் தாண்டிச் சுவர்க்கட்டை வரை போகும் மூன்று அங்குலத் திருகாணியை முடுக்குங்கள். கதவு மேலேறி தாழ்முளை துளைக்கு நேரே வரும். மேல்விளிம்பில் படிந்திருந்தால் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியையும் அதன் அடியிலுள்ள மண்ணையும் போய்ப் பார்க்க வேண்டும்.